பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பும் செய்தி

பெங்களூருத் தமிழ்த் திருச்சபைகளின் ஆயர்களுக்கும், வாலிபர் ஐக்கியத்தை நடத்தும் தம்பி தங்கையருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டபின் பிழைப்புத் தேடி இந்த நகரத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான் தமிழ்வழியில் படித்தவள். என் மகன் ஆங்கிலவழியில் முதலாம் பியூசி, அதாவது பதினோராம் வகுப்பு, படிக்கிறான். பள்ளியில் இரண்டாம் மொழியாகக் கன்னடம் படித்தான். தமிழ் நன்றாகப் பேசுவான், வாசிக்கத் தெரியாது. ஆராதனையில் என் மடியில் தமிழ் வேதாகமம், பக்கத்தில் அவன் கைப்பேசியில் ஆங்கில வேதாகமம். லிங்கராஜபுரத்திலும் அல்சூரிலும் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ உண்டு.

இந்த வீட்டுக்கு நீங்கள் அனுப்பும் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. அதை எனக்கு வாசித்துச் சொல்பவன் என் மகன்தான். சென்ற வாலிபர் முகாமுக்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்ததாம். அவன் சொல்லவே இல்லை. பொய் பேசும் பிள்ளை அல்ல. நண்பர்கள் முன்னால் அம்மா ஏதாவது கேட்டுவிடுவாளோ என்ற கூச்சம். அந்த வயதுக்கு அது இயல்பு. முகாம் முடிந்து பஸ் திரும்பும் நேரம் மாறிய செய்தியும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே சொல்லப்பட்டது. இரவு ஏழு மணி முதல் ஒன்பதரை வரை ஆலய வாசலில் நின்றேன். கேட்டபோது, “குழுவில் போட்டிருந்தோமே அக்கா” என்றார்கள். எந்தக் குழுவில்?

பிள்ளையைப் பற்றிய செய்தியைப் பிள்ளையிடமே கொடுத்தனுப்பாதீர்கள். எங்கே போகிறார்கள், உடன் வரும் பெரியவர் யார், எப்போது திரும்புவார்கள், எவ்வளவு பணம் என்பதைத் தமிழில் நான்கு வரி எழுதி நேராக எங்களுக்கு அனுப்புங்கள். வாசிக்க முடியாத பாட்டிமாருக்குக் குரல்பதிவு போதும். மார்ச் மாதத் தேர்வுகளை மனத்தில் வைத்துத் தேதி குறியுங்கள்.

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று எனக்கு உண்டு. பிள்ளைகளைத் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் என் மகன் ஒரு கேள்வி கேட்டான்: “இவ்வளவு ஜெபித்தும் பாட்டி ஏன் பிழைக்கவில்லை?” அன்றிரவே எனக்குத் தொலைபேசி வந்தது. பையன் விசுவாசத்தில் தடுமாறுகிறான், கவனியுங்கள் என்றார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால், தான் கேட்டது வீட்டுக்கு வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குப்பின் அவன் அங்கே வாய் திறக்கவில்லை. என்னிடமும் பாட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று அவனிடமே சொல்லியிருக்கலாம். நானும் அதே கேள்வியோடுதான் உறங்கப் போகிறேன். பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்களின் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டதை லூக்கா எழுதியிருக்கிறார். அவர்கள் அவரை விரட்டவில்லை. மூன்று நாள் தேடி வந்த மரியாளுக்கும் மகன் சொன்னது விளங்கவில்லை. அவள் அதை மனத்தில் வைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் மறைத்துவைக்கச் சொல்லவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்; சபையின் நற்பெயருக்காக அதை மூடுவது குற்றம். தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிப் பேசினாலும் எங்களிடம் உடனே வாருங்கள். எதை உங்களோடு வைத்துக்கொள்வீர்கள், எதைச் சொல்லியாக வேண்டும் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். எங்களிடம் வருவதாக இருந்தால், அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்த முகாமின் அறிவிப்பைத் தமிழில் எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். சனிக்கிழமை மாலையில் எனக்கு வேலை இல்லை. ஆலயத்துக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு தாய்