மீன் தொட்டி மணல் பையில் அச்சிட்டுள்ள தவறான வழிமுறை பற்றிய புகார்

அனுப்புநர்:
மீன் தொட்டி வைத்திருக்கும் நான்கு வீட்டார்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
மீன் தொட்டி மணல் விற்பனை நிறுவனம்.

பொருள்: 10 கிலோ வெள்ளை மணல் பை – மணலிலும் வழிமுறையிலும் பிழை – பணத்தைத் திருப்பித் தரவும் அச்சைத் திருத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் வெள்ளை மணலில் ஆறு பை வாங்கினோம். கூழாங்கல்லை எடுத்துவிட்டு மணல் போட நினைத்தது கோரிடோராஸ் மீன்களுக்காக. அவை தரையைத் துழாவித் தின்பவை. கூரான கல்லில் மீசை தேய்ந்து புண்ணாகிவிடும். மணலுக்கு மாறுவது நல்ல முடிவுதான். தங்கள் பையில் உள்ளபடி மாறினால்தான் மீன் பிழைக்காது.

முதலில் மணலைச் சொல்கிறோம். 'தண்ணீரின் தன்மையை மாற்றாது' என்று பையின் முகப்பில் இருக்கிறது. ஒரு கரண்டி உலர்ந்த மணலில் ஐந்தாறு சொட்டு வினிகர் விட்டால் நுரை கட்டிக் குமிழி கிளம்புகிறது. லென்ஸில் பார்த்தால் வெட்டிப் போட்ட நகத்துணுக்கு மாதிரி வளைந்த வெள்ளைச் சில்லுகள். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துச் சுவர் பூசிய ஊர் இது; கிளிஞ்சலைப் பார்த்தால் எங்களுக்கு அடையாளம் தெரியும். பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 6.8, கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) 2 இருந்த இரண்டு லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ மணலை ஊறவைத்தோம். எட்டாம் நாள் பி.எச். 7.8, கே.எச். 6. காரமான கடின நீரில் வாழும் மலாவி ஏரி சிக்லிட் மீன் வளர்ப்பவருக்கு இது பொருத்தமான மணல்தான். அப்படிச் சொல்லி விற்றிருந்தால் எங்களுக்குக் குறையே இல்லை. பையில் போட்டிருப்பதோ மென்னீர் மீன்களான டெட்ரா, ஏஞ்சல், கோரிடோராஸ் படம்.

அடுத்தது வழிமுறை. 'பழைய கல் முழுவதையும் ஒரே நாளில் அகற்றி, தொட்டியைக் கழுவி மணலைக் கொட்டவும்' என்கிறீர்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவில் பெரும்பங்கு அந்தக் கல்லின்மேல்தான் ஒட்டியிருக்கிறது, அதிலும் அண்டர் கிராவல் ஃபில்டர் (கல்லுக்கு அடியில் துளைத் தட்டு வைத்து, கல் வழியே தண்ணீரை வடிகட்டுவது) ஓடும் தொட்டியில் ஏறக்குறைய எல்லாமே அங்கேதான். கல்லை எடுத்தால் ஃபில்டரையே எடுத்த மாதிரி. எங்களில் ஒரு வீட்டில் பையில் உள்ளபடியே செய்ததில் நான்காம் நாள் சோதனைக் குழாய் மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்குப் போய்விட்டது. அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்); மூன்று ஏஞ்சல் செத்தன.

இந்த இரண்டு பிழையும் தனித்தனியானவை அல்ல. பி.எச். ஒரு புள்ளி ஏறினால் அதே அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். தண்ணீர் சூடாக இருந்தால் அது இன்னும் கூடும். இங்கே கோடையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். தங்கள் மணல் பி.எச்.சை ஏற்றுகிறது, தங்கள் வழிமுறை அம்மோனியாவை ஏற்றுகிறது. இரண்டும் ஒரே பைக்குள் இருக்கின்றன.

மாற்றும் முறை இதுதான். கல்லைத் தொடுவதற்கு நான்கைந்து வாரம் முன்பே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தொட்டிக்குள் ஓடவிட வேண்டும்; பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சிலும் குடியேற வேண்டும். பிறகு கல்லை வாரத்துக்கு ஒரு பகுதியாக மூன்று தவணையில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முதலில் சக்ஷன் பைப்பால் அழுக்கை உறிஞ்சிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் படிந்த கசடெல்லாம் ஒரே நேரத்தில் கலங்கும். எடுத்த கல்லில் இரண்டு கைப்பிடியை வலைப்பையில் கட்டி மூன்று வாரம் தொட்டியிலேயே தொங்கவிடலாம். மணல் போடும் நாளில் மீன்களைத் தொட்டியின் பழைய தண்ணீரிலேயே, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனோடு, மூடிய வாளியில் வைக்க வேண்டும். ஃபில்டரை நிறுத்தினாலும் ஸ்பாஞ்ச் காயக் கூடாது. அதையும் அதே தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். புதுத் தண்ணீரைக் குளோரின் நீக்கும் மருந்து (ஆன்டி க்ளோரின்) கலந்து, மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெல்ல ஊற்றினால் மணல் கிளம்பாது. இரண்டு வாரம் தினமும் அம்மோனியா பார்க்க வேண்டும், 0.25 தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். இதில் ஒரு வரிகூடப் பையில் இல்லை.

'கழுவத் தேவையில்லை' என்பதும் பொய். ஒரு வாளிக்கு இரண்டு கிலோ வீதம் அரிசி களைவது போல் களைந்ததில், பதினான்காவது தண்ணீர்தான் தெளிந்தது. அந்தத் தூசி மீனின் செவுளிலும் ஸ்பாஞ்சிலும் போய் அடைக்கும்.

'3 அடித் தொட்டிக்கு 10 கிலோ, 2 அங்குலம்' என்ற கணக்கும் தப்பு. 3 அடி நீளம், 1 அடி அகலத்தில் 2 அங்குலத்துக்கு 14 லிட்டர் மணல் வேண்டும். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ என்றாலே 21 கிலோ ஆகிறது. 10 கிலோ ஒரு அங்குலத்துக்கே எட்டாது. நல்லவேளையாக, செடி நடாத தொட்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலமே போதும். அதற்குமேல் போனால் அடியில் காற்றில்லாமல் கறுத்து, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும்.

'அண்டர் கிராவல் ஃபில்டருக்கும் ஏற்றது' என்ற வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மணல் அந்தத் தட்டின் பிளவில் இறங்கி அடைத்துக்கொள்ளும். பவர் ஃபில்டர் என்றால் உறிஞ்சும் வாயை மணலுக்கு மூன்று நான்கு அங்குலம் மேலே வைக்கவும் சொல்ல வேண்டும். மணல் உள்ளே போனால் தண்ணீரைத் தள்ளும் சுழலி (இம்பெல்லர்) தேய்ந்துவிடும்.

எங்கள் கோரிக்கை: ஆறு பைக்கான முழுப் பணம், செத்த மீன்களின் விலை, கடைகளில் மிச்சமிருக்கும் பைகளில் 'கிளிஞ்சல் கலந்தது, பி.எச். ஏற்றும்' என்ற ஒட்டுச்சீட்டு, அடுத்த அச்சில் திருத்திய வழிமுறை. இவற்றில் பணத்தைவிட ஒட்டுச்சீட்டுதான் எங்களுக்கு அவசரம்; பள்ளி விடுமுறையில் முதல் தொட்டி வைக்கும் பிள்ளைகள் அந்தப் பையைத்தான் வாங்குகிறார்கள்.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவோம். எந்தத் தேதியில் அடைத்த மணல் என்பது தெரிய ஒவ்வொரு பையிலிருந்தும் கால் கிலோ எடுத்து உறையிட்டு வைத்திருக்கிறோம். தங்கள் ஆள் வந்தால் அவர் முன்னாலேயே வினிகர் விட்டுக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
நான்கு வீட்டார் சார்பில்.

இணைப்பு: பில் நகல், பையின் இருபுறப் படம், சோதனைக் குழாய்ப் படங்கள்.