அடுக்குமாடித் தேனடைக்கு மருந்தடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மாசி, பங்குனி மாதங்களில் பெங்களூரின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரு தேனடைப் படம் இருக்கும். அதற்குக் கீழே, “உடனே பூச்சிமருந்து ஆளைக் கூப்பிடுங்கள்” என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ராத்திரி ஆள் வந்து கயிற்றில் இறங்கி மருந்தடித்துவிட்டுப் போவார். காலையில் பெருக்க வரும் அம்மா செத்த தேனீக்களை வாளியில் அள்ளுவார். எங்கள் குடியிருப்பிலும் போன வருடம் இதுதான் நடந்தது. மருந்தடித்த அடையிலிருந்து சிலர் தேனைப் பிழிந்து வீட்டுக்கு எடுத்துப்போனதையும் பார்த்தேன். அதைக் குழந்தைகள் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகும்? இந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மாடியில் தொங்குவது மலைத்தேனீ. பெட்டியில் வளர்ப்பது அடுக்குத்தேனீ. செடிக் கிளையில் சின்ன அடை கட்டுவது கொம்புத்தேனீ. மலைத்தேனீ அடுக்குத்தேனீ போல் இல்லை. பொந்துக்குள் போகாது, திறந்த வெளியில் ஒரே ஓர் அடைதான் கட்டும். அது ஒரு மீட்டர் அகலம்கூட வளரும். காட்டில் செங்குத்துப் பாறையின் அடியிலும் இலவம் போன்ற நெடுமரக் கிளைகளிலும் கட்டுகிற பூச்சி இது. ஊரிலிருந்த பெரிய மரங்களைச் சாலைக்கும் கட்டடத்துக்கும் வெட்டிவிட்டோம். வெட்டிய இடத்தில் பாறை முகடு போலப் பதினைந்து மாடி எழுப்பியிருக்கிறோம். அது நம் சன்ஷேடுக்கு வராமல் வேறெங்கே போகும்?

இதைவிட முக்கியமானது, அது நிரந்தரமாகத் தங்க வருவதில்லை. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் தேனீ இது. பூக்காலத்தில் வந்து, சில மாதங்கள் இருந்து, குஞ்சு பொரித்து, பூ குறைந்ததும் தானாகக் கிளம்பிவிடும். அப்புறம் அடுத்த பருவத்தில் பழைய இடத்துக்கே திரும்பி வரும். ஒரே ராணியின் கூட்டம் அதே இடத்துக்கு வருவதை ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையிலேயே உறுதிசெய்திருக்கிறார்கள். தானாகப் போகப்போகிற கூட்டத்தைப் பணம் கொடுத்துக் கொல்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாம் காலையில் குடிக்கும் பில்டர் காபிக்கும் இந்தத் தேனீக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கலவையில் சேரும் ரொபஸ்டா பெரும்பாலும் குடகு, சிக்மகளூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. ரொபஸ்டா செடி தன் மகரந்தத்தாலேயே காய்க்காது, வேறு செடியின் மகரந்தம் வேண்டும். கோடை மழை ஒன்று பெய்ததும் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, சில நாளில் உதிர்ந்துவிடும். அந்தக் குறுகிய நாட்களில் காற்றும் கொஞ்சம் உதவும். ஆனால் குடகுத் தோட்டங்களில் இந்த வேலையை அதிகம் செய்வது மலைத்தேனீதான். இதை யாரும் பெட்டியில் வைத்து வளர்த்துக் கொடுக்க முடியாது. அது காட்டிலும் ஊரிலும் தானாக வாழ்ந்தால்தான் உண்டு. நீலகிரியில் குறும்பர்கள் பாறை விளிம்பிலிருந்து ஏணியில் தொங்கிக்கொண்டு, பாட்டுப் பாடி, இதே தேனீயின் தேனை எடுக்கிறார்கள். அவர்கள் மருந்தடிப்பதில்லை.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள், “பூசணி பூக்கிறது, பிஞ்சு பிடிக்கவில்லை” என்று வருத்தப்படுவார்கள். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டுக்கும் நடுவே பறக்க ஒரு பூச்சி வேண்டும். தக்காளி, கத்தரிக்கு இன்னொரு விதமான ஆள் தேவை. அந்தப் பூவை உலுக்கினால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். பட்ட மரத்தைக் குடைந்து கூடு கட்டும் கறுப்பு வண்டு பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டு உலுக்கும். தேனீயால் அது முடியாது. தேனடைக்கென்று அடிக்கும் மருந்து மேலே பட்டால் இந்த வண்டும் சாகும்.

பயம் நியாயமானது, மறுக்கவில்லை. கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொடுக்கு போதும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் மலைத்தேனீ காரணமில்லாமல் பாய்வதில்லை. கல்லெறிவது, பட்டாசு, புகை, அடைக்குப் பக்கத்தில் டிரோன் விடுவது, இவைதான் அதைக் கிளப்பிவிடும். சில சமயம் தேன்பருந்து வந்து அடையைக் கொத்தும். அப்போது சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியதுதான். அடையின் மேல் அலை ஓடுவது போலத் தெரிந்தால், அது பெரும்பாலும் குளவியை மிரட்டுவதற்காகத் தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்குவது.

இன்னொன்று, மலைத்தேனீ நிலா வெளிச்சத்தில்கூடப் பூத் தேடிப் போகும். அதனால்தான் டியூப்லைட்டைப் பார்த்து வீட்டுக்குள் வந்து விழுந்து சாகிறது. இருட்டியதும் அந்தப் பக்க பால்கனி விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

பள்ளி வாசலிலோ, குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்திலோ கட்டிவிட்டால் அகற்றத்தான் வேண்டும். அதற்கும் பழக்கப்பட்டவரை வைத்து ராத்திரியில் புகை போட்டு விரட்டலாம், விஷம் தேவையில்லை. “உயிரோடு பெட்டியில் பிடித்துப் போகிறோம்” என்று வருபவர்களையும் நம்ப வேண்டாம். மலைத்தேனீ பெட்டியில் தங்காது. அவர்களில் பலர் தேனுக்காக வருபவர்கள்.

அடுத்தது தீனி. எப்போதும் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்று இந்த ஊரில் திட்டமிட்டு நட்டவர் லால்பாக்கைக் கவனித்துவந்த ஜெர்மானியர் கிரும்பிகல். தேனீக்கும் அந்தத் தொடர்ச்சிதான் தேவை. ஆனால் இன்று குடியிருப்புகளில் நடுவது அலங்காரப் பனையும் மெக்சிகன் புல்லும்தான், இவற்றை மட்டும் நம்பினால் அந்தத் தொடர்ச்சி கிடைக்காது. சிவப்பாகப் பூக்கும் ஆப்பிரிக்க துலிப் மரம் இதைவிட மோசம். கொசுத்தேனீயின் இனத்தைச் சேர்ந்த கொடுக்கில்லாத் தேனீக்கள் அந்தப் பூவுக்குள் செத்துக் கிடப்பதை பிரேசிலில் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் பதில் புங்கை, நாவல், வேம்பு, சரக்கொன்றை வைக்கலாம். வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும் போதும். தொட்டியில் துளசியைப் பூக்க விடுங்கள், கதிர் வந்ததும் கிள்ளிவிடாதீர்கள். எலுமிச்சை, கறிவேப்பிலையில் புழு தெரிந்தால் அதுவும் ஒரு வண்ணத்துப்பூச்சியாகப் போவதுதான், நாலு இலை தின்றுவிட்டுப் போகட்டும். காலி மனையில் தானாக முளைத்த தும்பையையும் எருக்கையும் “சுத்தம்” என்ற பெயரில் ஜேசிபி வைத்து வழிப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் கொஞ்சம் நிறுத்தலாம்.

தேனடை கண்டால் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்று தங்கள் இதழில் அரைப் பக்கம் வெளியிட்டால் அதை வெட்டி எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவோம். காவலாளிகளும் படிக்கும்படி கன்னடத்திலும் இந்தியிலும் எழுதித்தர எங்கள் குடியிருப்பிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஹொரமாவு, பெங்களூரு.