ரப்பர் ஸ்டாம்பின் கடைசி வரி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு இருவரும் நலம். ஜன்னல் வழியாக மேகம் வீட்டுக்குள் நுழையும் படத்தை அனுப்பி, "மேகாலயா, பேருக்கேத்த ஊருப்பா" என்று சொல்லியிருந்தாய். அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். எனக்கோ அந்தப் பெயர்தான் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேகம், ஆலயம் இரண்டும் வடசொல். கொல்கத்தாவின் புவியியல் பேராசிரியர் சட்டர்ஜி 1930களில் அந்தப் பீடபூமிக்கு இட்ட பெயர் அது. 1972 ஜனவரி 21இல் முழு மாநிலம் ஆனபோதும் அதுவே நிலைத்தது. காசி, ஜெயந்தியா, காரோ என்று மூன்று இன மக்கள் அங்கே. காசி மொழிக்கும் காரோ மொழிக்கும் உறவே கிடையாது. ஒருவர் பெயரை வைத்தால் மற்றவர்கள் மனம் நோகும். எல்லார் தலைக்கு மேலும் போகிற மேகத்தின் பெயர் பொருத்தம்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் அவர்கள் தங்கள் மண்ணைத் தங்கள் வாயால் என்னவென்று சொல்கிறார்கள் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். காசி மொழியில் 'ரி' என்றால் நாடு. குவாஹாட்டியிலிருந்து மலை ஏறும்போது நோங்போவில் வண்டி நிற்குமே, அது ரிபோய் மாவட்டம். அதில் இருப்பது இந்த 'ரி'தான். நாம் பள்ளியில் படித்த சிரபுஞ்சி அவர்களுக்குச் சொஹ்ரா. வங்கிக் கவுண்டரில் அந்த ஊர்க்காரர் வந்து நின்றால் நீயும் சொஹ்ரா என்றே சொல். மிசோரம் இன்னும் தெளிவு: மிசோ மொழியில் 'ரம்' என்றால் நிலம். மிசோக்களின் நிலம். நம் தமிழ்நாடு மாதிரியே கட்டிய பெயர்.

நம் பெயர் சும்மா கிடைத்ததல்ல தம்பி. 1956 ஜூலை 27இல் நம் விருதுநகரில்தான் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். பன்னிரண்டு கோரிக்கைகளில் ஒன்று, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது. அக்டோபர் 13இல் மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. தேசபந்து மைதானத்தில் அவர் படுத்திருந்ததை உன் தாத்தா பார்த்தவர். அதைச் சொல்லும்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுவார். 1967 ஜூலை 18இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14, பொங்கலன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. இருபதே நாளில் அண்ணா போய்விட்டார்.

அப்போது எனக்குப் பத்து வயது. பொங்கல் முடிந்து மண்டி திறந்த அன்று, தாத்தா கடை ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிப் பிடித்து, 'மதராஸ் ஸ்டேட்' என்றிருந்த கடைசி வரியை பிளேடால் சீவி எடுத்தார். கறுப்புத் துருவலாகக் கல்லாப்பெட்டி மேல் விழுந்தது. புது ஸ்டாம்ப் வரும்வரை பில்லில் அந்த இடம் காலியாக இருக்கும். அதில் 'தமிழ்நாடு' என்று கையால் எழுதுவது என் வேலை. சாயங்காலம் பள்ளி விட்டு வந்து எழுதுவேன். 'ழ்' கோணலாக விழுந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு கொடுப்பார். காகிதத்தை வீணாக்காத மனுஷன் அவர்.

பருப்புப்பொடியும் ஊறுகாயும் பார்சல் கட்டியாயிற்று. முகவரியில் மேகாலயா என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, அதனால்தான் இவ்வளவும். உன் வீட்டுக்கார அம்மாவிடம் கேள், தன் நாட்டை அவர் வீட்டில் என்னவென்று சொல்வார் என்று. ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு அதைச் சொல்லிக் காட்டு.

அன்புடன்,
அப்பா