பகல் 11 மணித் தண்ணீர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மண் ஆய்வகத்தில் உனக்குப் பொறுப்பு கூடியிருப்பதையும், மூத்தவள் உன் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டதையும் படித்து மகிழ்ந்தேன். கடைசி வரியில் நீ கேட்டிருந்ததற்குத்தான் உடனே பதில் எழுத முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தண்ணீர்ப் பரிசோதனை பார்த்தவனுக்கு இப்போது எதற்குச் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுநிலைப் படிப்பு என்கிறாய். நான் விண்ணப்பிக்கும் நான்கு துறைகளும் நோக்க அறிக்கை என்ற பெயரில் இதையேதான் கேட்கின்றன. அவர்களுக்கு எழுதி முடித்துவிட்டு உனக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன். நேற்றிரவு ஒருவழியாக முடிந்தது.

முதல் வரைவை நீ பார்க்காததே நல்லது. சிறு வயது முதல் இயற்கையின் மேல் எனக்கிருந்த ஈடுபாட்டில் தொடங்கி, புவி வெப்பமாதல், ஓசோன் படலம், நெகிழிக் குப்பை என அனைத்தையும் ஒரே பக்கத்தில் அடுக்கியிருந்தேன். மறுநாள் படித்தபோது எனக்கே கூசியது. என் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் அது பொருந்தும். கிழித்துப் போட்டுவிட்டு, இத்தனை ஆண்டுகளில் என்னை உண்மையாகவே தூங்கவிடாமல் செய்த ஒன்றை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையை நாம் ஒரே மேசையில் நின்று பழகியது உனக்கு நினைவிருக்கும். 300 மில்லி பாட்டிலில் ஒரு காற்றுக் குமிழிகூட நுழையாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டால் பழுப்புப் படிவு பஞ்சுபோல் இறங்கும். அமிலம் விட்டால் அது கரைந்து மஞ்சளாகும். ஸ்டார்ச் பட்டதும் நீலமாகும் கரைசலைத் தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக நிறமிழக்கச் செய்யும். (கடைசிச் சொட்டில் கைதவறி, முழுவதையும் மறுபடி செய்யவைத்தவன் நீதான்.) அந்த முறையில்தான் ஓர் ஏரியின் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 11.2 மில்லிகிராம் என்று கண்டு, குறைந்தபட்ச அளவைவிடக் கூடுதலாக இருந்ததால் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்த ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன.

என் கணக்கில் பிழை இல்லை. நான் அதைப் படித்த விதத்தில்தான் பிழை. தண்ணீர் 30 டிகிரியில் இருந்தது. அந்த வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். அதற்கு மேல் இருந்ததெல்லாம் பாசி மண்டியிருந்ததற்கான அடையாளம். பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளிவிடும் அதே பாசி, இரவு முழுவதும் சுவாசித்து அதைக் குறைத்துக்கொண்டே வரும். விடியலை ஒட்டித்தான் மீனுக்கு மூச்சு முட்டும். எங்கள் வண்டியோ அலுவலக நேரத்தில் கிளம்பி எப்போதும் பகல் 11 மணிக்குத்தான் மாதிரி எடுத்தது. நல்ல செய்தி என்று நான் எழுதிய எண்ணே எச்சரிக்கையாக இருந்திருக்கிறது.

ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துப் பழைய கட்டுரைகளைத் தேடினேன். அமெரிக்கச் சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம், ஓடும் நீரில் இரவும் பகலும் ஆக்சிஜனை அளந்து அதிலிருந்து நீரின் உயிரியக்கத்தையே கணக்கிடும் முறையை 1956ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஆண்டுக்கணக்கில் அளந்த சார்லஸ் டேவிட் கீலிங்கும், 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அந்த அளவீட்டைத் தொடங்குவதற்கு முன்பே, காற்றை இரவு பகலாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிடித்துப் பார்த்து, கார்பன் டைஆக்சைடு இரவில் கூடிப் பகலில் குறைவதைக் கண்டிருக்கிறார். இரண்டு நாள் முகம் தொங்கித் திரிந்தேன். பிறகுதான் கேள்வி கூர்மையானது: பகலில் எடுத்த ஒற்றை அளவீடு மட்டுமே கையில் உள்ள ஒரு நீர்நிலையில், வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் சேர்த்துப் பார்த்து, அன்றிரவு ஆக்சிஜன் எந்த அளவுக்கு இறங்கும் என்று சொல்ல முடியுமா? இதற்காகத்தான் படிக்கப் போகிறேன். கீலிங்கைப் பற்றி எழுதிய அழகான பத்தியை வெட்டிவிட்டேன். தேர்வுக் குழுவினருக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி தெளிவானதும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிட்டது. பாடங்களை மட்டும் படித்து ஓராண்டில் முடிக்கும் படிப்புகளை ஒதுக்கிவிட்டு, ஆய்வேடு எழுதவேண்டிய இரண்டாண்டுப் படிப்புகளையே எடுத்துக்கொண்டேன். சூழல் பொறியியலும் சூழல் கொள்கையும் ஒரே மாதிரியான பெயர்களில் வருவதால், விளக்கக் குறிப்பை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தையே வரிவரியாகப் படிக்க வேண்டியிருந்தது. ஏரி, ஆறு பற்றி ஆராயும் பேராசிரியர்கள் ஏழு பேருக்கு எழுதினேன். இருவர் பதில் அனுப்பினார்கள். அதில் ஒருவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தரவுகளை நிரல் எழுதிக் கையாளத் தெரியுமா? தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அன்றிரவே ஆர் (R) என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கிவிட்டேன்.

பரிந்துரைக் கடிதங்கள்தான் பெரும்பாடு. மேலதிகாரி எழுதித் தந்ததில் நான் நேரம் தவறாதவன், பணிவானவன் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை; பணிவை வைத்துக்கொண்டு எந்தத் துறையும் என்னைச் சேர்க்காது. நம் வேதியியல் ஆசிரியருக்கு என் முகமே மறந்திருந்தது. அவரிடம் படித்த தாள்கள், செய்த திட்டப்பணி, இப்போதைய கேள்வி என எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பியபின் மனமுவந்து ஒப்புக்கொண்டார். ஆங்கிலத் தேர்வு முடிந்தது. மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஜி.ஆர்.இ. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வை நான்கு துறைகளுமே கட்டாயமாகக் கேட்கவில்லை, தப்பித்தேன்.

அறிக்கையை இத்துடன் அனுப்புகிறேன். மூன்றாம் பத்தியை மட்டும் இரக்கமில்லாமல் பார். புள்ளியியலில் நான் வாங்கிய மதிப்பெண் உனக்குத் தெரியும். அதற்கு இரண்டு வரியில் விளக்கம் எழுதியிருக்கிறேன், அது சாக்குச் சொல்வதுபோல் ஒலித்தால் அடித்துவிடு. அதற்கடுத்து, விடுமுறை நாள்களில் நானே அதிகாலை நாலரை மணிக்குப் போய் எடுத்த ஐந்து ஆக்சிஜன் அளவீடுகள் இருக்கின்றன. அவற்றில் மிகக் குறைந்தது 1.3 மில்லிகிராம். ஐந்து புள்ளிகளை வைத்துக் கோடு வரையாதே என்பாய், வரையவில்லை. ஆனால் அவற்றைச் சொல்லவேனும் செய்யலாமா, அல்லது நேர்காணல் வரை வைத்திருக்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். 26ஆம் தேதி கடைசி நாள். 22ஆம் தேதிக்குள் உன் பதில் கிடைத்தால் திருத்த நேரம் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய ஆய்வக மேசைத் தோழன்