ஒரே ஊழியர், மூன்று திட்டப்பணிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 225 நாள்கள் வாடிக்கையாளர் பணம் தரும் பணியில் இருக்க வேண்டும், திட்டப்பணி எதுவும் இல்லாமல் காத்திருக்கும் ‘பெஞ்சில்’ 35 நாள்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூனில் விதி வகுத்ததிலிருந்து, பெஞ்சில் கழியும் நாள்களைப் பற்றியே பெரிதும் பேசப்படுகிறது. பணியில் இருப்பதாகக் கணக்கில் ஏறும் நாள்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதும் அதே அளவு கவனத்துக்கு உரியது என்பதால், சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக மென்பொருள் துறையில் பணிபுரியும் நான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

யாருக்கு எந்த வேலை என்பது எளிய கேள்வியன்று. இரு ஊழியர்களை எடுத்துக்கொள்வோம். ஒரு திட்டப்பணியில் பணப்பரிமாற்றப் பகுதியை எழுத முதலாமவருக்கு 4 வாரமும் இரண்டாமவருக்கு 6 வாரமும் ஆகும். இன்னொரு திட்டப்பணியில் பழைய தரவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்ற முதலாமவருக்கு 5 வாரமும் இரண்டாமவருக்கு 12 வாரமும் ஆகும். முதலாமவருக்கு நன்றாகக் கைவந்தது பணப்பரிமாற்றம்தானே என்று அவரை அங்கே அமர்த்தினால் மொத்த உழைப்பு 16 வாரம். மாற்றி அமர்த்தினால் 11 வாரம்தான். இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் முறையை ஹெரால்டு கூன் 1955இலேயே வெளியிட்டு, தமக்கு வழிகாட்டிய கோனிக், எகெர்வாரி என்னும் ஹங்கேரியக் கணித அறிஞர்களின் நினைவாக அதற்கு ஹங்கேரிய முறை என்று பெயரிட்டார். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்திலேயே ஒதுக்கீட்டுக் கணக்கு இருக்கிறது.

ஆனால், அந்தக் கணக்கு சரியாக வருவதற்குக் கட்டங்களில் இடும் எண்கள், அதாவது எந்த வேலைக்கு யாருக்கு எத்தனை வாரம் என்பவை, உண்மையாக இருக்க வேண்டும். நம் அலுவலகங்களின் திறன் பட்டியலில் ஒருவரைப் பற்றி ‘ஜாவா, 5 ஆண்டு’ என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. அந்த ஐந்து ஆண்டும் வங்கிக் கணக்கு முடிப்பின் நுணுக்கங்களோடு போராடியவரும், ஐந்து ஆண்டும் திரைப் படிவங்களை மட்டுமே எழுதியவரும் அதில் ஒரே வரியாகத்தான் தெரிகிறார்கள்.

அதைவிடப் பெரிய கேடு, ஓர் ஊழியரை 50, 30, 20 விழுக்காடுகளாக உடைத்து மூன்று திட்டப்பணிகளுக்குக் கொடுப்பது. எட்டு மணி நேர வேலை நாளில் 20 விழுக்காடு என்பது 96 நிமிடம். அந்தத் திட்டப்பணியின் அன்றாடக் கூட்டத்துக்கு அரை மணி நேரம் போனால் எஞ்சுவது 66 நிமிடம். விட்ட இடத்தை நினைவுக்குக் கொண்டுவருவதற்கே அதில் பாதி போய்விடும். நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், தரவுத்தளத்தில் மிகத் தேர்ந்த ஒரு பெண்ணை இப்படித்தான் மூன்றாகப் பிரித்தோம். அந்த 20 விழுக்காட்டை அட்டவணையில் நிரப்பியவன் நானே. மூன்று திட்டப்பணிகளின் வெளியீடும் ஒரே வாரத்தில் வந்து விழ, மூன்று மேலாளர்களும் அவரை முழு ஆளாகவே கேட்டோம். ஆறே மாதத்தில் அவர் வேலையை விட்டார். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

தாமதமான திட்டப்பணியில் கடைசி நேரத்தில் ஆள் சேர்ப்பதும் இதைச் சார்ந்ததே. ஐந்து பேர் குழுவில் ஒருவரோடொருவர் பேசி ஒத்துப்போக வேண்டிய இணைகள் 10. எட்டுப் பேரானால் 28. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, வேலை தெரிந்தவரின் நேரமே செலவாகும்.

தெரிந்தவரிடமே எப்போதும் வேலையைக் கொடுத்தால் புதிதாகச் சேர்ந்தவர்கள் எப்போது கற்பார்கள் என்ற கேள்வியும் உண்டு. மேலே சொன்ன இரண்டாமவரைத் தரவு மாற்றத்தில் முதலாமவருக்குத் துணையாகச் சில வாரம் வைத்தால், அடுத்த முறை அவருக்குப் பன்னிரண்டு வாரம் ஆகாது. இந்தச் செலவைத் திட்டமிடும்போதே ஏற்க வேண்டும். வாடிக்கையாளரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒருவரை இரண்டு திட்டப்பணிகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது. இரண்டும் மோதும்போது எது முதல் என்று எழுத்தில் இருக்க வேண்டும். திறன் பட்டியலை அவரோடு வேலை செய்த குழுத் தலைவர் எழுதி, அவரிடமே காட்டி ஒப்புதல் பெற வேண்டும். 225 நாள்களை எண்ணும் நிறுவனங்கள், அந்த நாள்களில் ஒவ்வொருவரும் எத்தனை திட்டப்பணிகளுக்குப் பிரிக்கப்பட்டார் என்பதையும் எண்ணித் தம் ஊழியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மென்பொருள் திட்ட மேலாளர்,
சோழிங்கநல்லூர், சென்னை.