எர்த்ஸீயை எடுக்கப்போகிறவர்களுக்கு

தயாரிப்பாளர், இயக்குநர், திரைக்கதை அறையில் உட்காரப்போகிறவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவினின் எர்த்ஸீ என்கிற மந்திர உலக நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கும் திட்டத்தை ஏ24 நிறுவனம் 2019இல் அறிவித்தது. கடைசியில் எடுக்கப்போவது நீங்களோ, உங்களுக்குப் பிறகு உரிமையை வாங்கப்போகிற வேறு யாரோ, இந்த மடல் அவர்களுக்குத்தான். இதற்கு முன் இரண்டு முறை இந்தக் கதை திரைக்கு வந்து, இரண்டு முறையும் எழுதியவர் மனம் நொந்தார். அவர் 2018 ஜனவரியில் போய்விட்டார். இனி தப்பு நடந்தால் எழுதிக் கண்டிக்க அவரும் இல்லை. அதனால் முன்கூட்டியே கொஞ்சம் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் நாவலை நான் வாங்கியது திருவல்லிக்கேணி நடைபாதையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதுகு பிய்ந்த பிரதியாக. கதாநாயகன் பெயர் கெட். (தமிழில் இந்தப் பெயர் காதுக்கு இடிக்கும், வேற்றுமை உருபு சேர்த்தால் இன்னும் மோசம். பழகிவிடும்.) முதல் அத்தியாயத்தில் கான்ட் தீவைக் கொள்ளையடிக்கக் கார்க் வீரர்கள் வருகிறார்கள். வெள்ளைத் தோல், மஞ்சள் முடி. சரி, கொள்ளையர்கள் என்று கடந்துபோனேன். கெட்டை என் மனம் தன்பாட்டுக்கு ஒரு வெள்ளைக்காரப் பையனாகவே வரைந்து வைத்திருந்தது. ரோக் தீவு மந்திரப் பள்ளியில் வெட்ச் என்கிற நண்பன் அறிமுகமாகும்போதுதான் போகிறபோக்கில் ஒரு வரி வரும். வெட்ச் நல்ல கறுப்பு. கெட்டும் தீவுக்கூட்டத்து மக்களில் பெரும்பாலானவர்களும் செம்பழுப்பு. நான் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன். அந்த மலைக்கிராமம், வெண்கலக் கொல்லனின் மகன், ஆடு மேய்க்கிற பையன், எல்லாம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தன. என் நிறத்தில் ஒரு மந்திரவாதியை அதற்கு முன் எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் நான் சந்தித்ததில்லை.

1968இல் வந்த புத்தகம் அது. வாசகர் கெட்டோடு ஒட்டிய பிறகு நிறத்தைச் சொல்வது லெ குவின் தெரிந்தே செய்த வேலை. அந்தத் தந்திரம் உங்களுக்குக் கிடைக்காது, ஏனென்றால் கேமராவால் தோலை மறைத்துவைக்க முடியாது. ஆகவே நேர்மாறாகச் செய்யுங்கள். முதல் சட்டகத்திலிருந்து ஊரே பழுப்பாக இருக்கட்டும், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். மூடுபனிக்குள்ளிருந்து கார்க் வீரர்களின் வெளுத்த முகங்கள் வரும்போது, அவைதாம் விசித்திரமாகத் தெரிய வேண்டும். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த இரண்டு பகுதிக் குறுந்தொடரில் கெட் வெள்ளையாகிவிட்டான். லெ குவின் ஸ்லேட் இதழில் கோபமாகவே எழுதினார். கதாநாயகிகளின் நிறத்தில் எங்கள் தமிழ் சினிமா என்ன செய்கிறது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயம்தான். அதற்கு வேறொரு மடல் எழுத வேண்டும்.

நிறத்தைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. எர்த்ஸீயில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஊர் கூப்பிடுகிற பெயர் ஒன்று, மெய்ப்பெயர் ஒன்று. மெய்ப்பெயர் தெரிந்தவன் கையில் உங்கள் உயிர் இருக்கிறது. ஊருக்கு அவன் ஸ்பாரோஹாக்; கெட் என்பது மிகச் சிலருக்கே தெரிந்த மெய்ப்பெயர். அந்தக் குறுந்தொடர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டது. எல்லாரும் 'கெட், கெட்' என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். என் பாட்டி கடைசிவரை தாத்தாவின் பெயரைத் தன் வாயால் சொன்னதில்லை. எந்த ஆபீசில் கணவர் பெயர் கேட்டாலும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நான்தான் சொல்வேன். அது சரியா தவறா என்பது வேறு கதை. ஆனால் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு பெயருக்கு என்ன கனம் என்று அந்தப் பார்வையில் தெரியும். தன் நண்பனிடம் வெட்ச் தானாக முன்வந்து மெய்ப்பெயரைச் சொல்கிற இடத்துக்கு இசை வேண்டாம், அணுக்கக்காட்சி போதும்.

அப்புறம், மந்திரம். உங்கள் கிராஃபிக்ஸ் குழுவுக்கு இந்தப் பத்தி பிடிக்காது. தன் முதல் குரு ஓகியனோடு கெட் மலைப்பாதையில் நடக்கிறான். மழை பிடிக்கிறது. ஊர்ப்பக்கத்துச் சின்ன மந்திரக்காரன்கூட மழையைப் பக்கத்து வெளிக்குத் தள்ளிவிடுவான். நிலநடுக்கத்தையே அடக்கியவர் என்று பேரெடுத்த ஓகியன் என்ன செய்கிறார்? அடர்ந்த மரம் ஒன்றைப் பார்த்து அதன் கீழே படுத்துக்கொள்கிறார். பையன் சொட்டுகிற புதருக்குள் நனைந்துகொண்டு, பிறகு எதற்கு இவ்வளவு சக்தி என்று முணுமுணுக்கிறான். இந்த ஒரு காட்சி சரியாக வந்துவிட்டால் ரோக் பள்ளியில் கெட் கர்வத்தில் செய்கிற தவறு பார்ப்பவருக்குத் தானாக விளங்கும். இது வராமல் தீப்பந்துகளாக எறிந்துகொண்டிருந்தால், எத்தனை டிராகன் வந்தாலும் அது எர்த்ஸீ ஆகாது.

இரண்டாவது நாவல்தான் உங்களுக்கு உண்மையான பரீட்சை. அட்டுவான் கல்லறைகளுக்கு அடியில் வெளிச்சமே கூடாத ஒரு குகை, அதையொட்டி ஒரு சுரங்க வலை. டெனார் என்கிற பெண்ணின் பெயரைப் பறித்து, அவளை அங்கே பூசாரிணியாக்கியிருக்கிறார்கள். அவள் அந்த வழிகளைச் சுவரைத் தடவித் தடவி, திருப்பங்களை எண்ணி மனப்பாடம் செய்கிறாள். இருட்டுக் காட்சி என்றால் நீல விளக்குப் போடுவதுதான் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். திரை நிஜமாகவே கறுத்திருக்கட்டும். கல்லில் விரல் உரசும் ஓசையும் மூச்சும் போதும். அங்கே நுழைந்துவிட்ட கெட்டின் மந்திரக்கோலில் வெளிச்சம் எரிகிற அந்த நொடியில், தான் ஆள்வதாக நினைத்த குகையை டெனார் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கிறாள். சுவரெல்லாம் படிகம் மின்னுகிறது. நாங்களும் அப்போதுதான் பார்க்க வேண்டும். பார்வையாளர் சேனலை மாற்றிவிடுவார் என்று பயப்படுவீர்கள். மாற்றுகிறவர் மாற்றட்டும். இன்னொன்று, டெனார் கார்க் இனத்துப் பெண், வெள்ளை. அதையும் மாற்றாதீர்கள். அவள் பெயரை அவளுக்கே திருப்பிக் கொடுப்பவன் அவள் மக்கள் பகைவனாக நினைக்கிற ஒருவன். கதையின் பாதி பலம் அங்கேதான் இருக்கிறது.

புத்தகங்களைக் கலக்காதீர்கள் என்பது என் கடைசி வேண்டுகோள். 2006இல் ஸ்டுடியோ ஜிப்லிக்காக கோரோ மியாசாகி எடுத்த படம் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துக் குழைத்தது. ஓவியங்கள் அழகு, கதை வேறெங்கோ போய்விட்டது. மூன்றாவது நாவல் வந்தது 1972இல், நான்காவது 1990இல். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் லெ குவின் தான் கட்டிய உலகத்தைத் தானே கேள்வி கேட்டார். மந்திரப் பள்ளியில் ஏன் ஆண்கள் மட்டும்? வீரம் முடிந்த பிறகு வீரன் என்ன ஆகிறான்? டெனார் நடுவயது விதவையாக, பண்ணை பார்த்துக்கொண்டிருக்கிறாள். சக்தியெல்லாம் செலவழிந்துபோன கெட், கான்ட் மலைக்குத் திரும்பி மறுபடி ஆடு மேய்க்கப் போகிறான். மேலிடத்தில் யாராவது ஒருவர் "இது எடுபடாது, அவனுக்கு சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே" என்று சொல்லும் நாள் நிச்சயம் வரும். அன்றைக்கு அந்த அறையில் ஒருவராவது முதல் அத்தியாயத்தை எடுத்து வாசியுங்கள். ஏழு வயதுப் பையன் ஒரு மந்திரப் பாட்டைக் கத்த, ஆடுகளெல்லாம் வந்து அவனை நெருக்கிக்கொண்டு, போகச் சொன்னாலும் போகாமல் நிற்கும். அவன் பயந்து அழுதுகொண்டே ஊருக்குள் ஓடுவான்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி வாசகன் ஒருவன்