தீவில் எழுதுகிறவனுக்குத் தனிமை ஏது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவுகளில் வாழ்ந்து எழுதும் படைப்பாளிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இராமேசுவரம் இருக்கும் பாம்பன் தீவின் தங்கச்சிமடத்தில் பிறந்து, ஐம்பது வயதைக் கடந்த பின்னும் இந்தத் தீவை விட்டு நீங்காமல் நான்கு நாவல்கள் எழுதியிருப்பவன் என்ற முறையில், அக்கட்டுரையின் மையக் கருத்தை மறுத்து எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன். நாற்புறமும் கடல் சூழ்ந்த இடத்தில் எழுத்தாளனுக்குத் தனிமை வாய்க்கிறது என்றும், அந்தத் தனிமையிலிருந்துதான் கற்பனை ஊறுகிறது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கடற்கரை விடுதியில் பத்து நாள் தங்கி எழுதிவிட்டு ஊர் திரும்புகிறவருக்கு அது பொருந்தலாம். பாம்பன் தீவில் பிறந்து வளர்ந்தவனுக்கு உப்பு தாராளமாகக் கிடைக்கும், மணல் கிடைக்கும், மீன் கிடைக்கும். தனிமை மட்டும் கிடைக்காது.

இராமேசுவரம் துறைமுகத்தில் மீன் வியாபாரி ஒருவரிடம் 27 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். நான் எந்த நாளில் நாவல் எழுதுவது என்பதை என் மனநிலை தீர்மானிப்பதில்லை. படகுகள் கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கும் அனுமதி டோக்கன் தீர்மானிக்கிறது. விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் 3 நாட்கள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற 4 நாட்கள் என்பது இங்குள்ள ஏற்பாடு. போன விசைப்படகுகள் மறுநாள் விடியலில் திரும்பும் என்பதால் செவ்வாய், வியாழன், ஞாயிற்றுக்கிழமைகளில் இறால் எடையும் கணவாய் விலையும் நண்டுக் கணக்குமாகவே என் காலைகள் கழியும். மற்ற நாட்களின் பின்னிரவில் பழைய பேரேடுகளின் எழுதப்படாத பக்கங்களில் நாவல் எழுதுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அவற்றை நம்பிய எங்கள் வீடுகளில் வருமானம் நின்றுபோகும், கடன் ஏறும். என் நான்கு நாவல்களும் அந்த மாதங்களில்தான் முடிவுக்கு வந்தன. அந்தப் பின்னிரவுகளிலும் நான் தனியாக இருந்ததில்லை. விளக்கு எரிவதைப் பார்த்து, வத்தை என்னும் சிறு நாட்டுப்படகில் போகிற யாராவது சன்னலோரம் நின்று, "என்னண்ணே, கணக்கு இன்னும் நேராகலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் எழுதுவது எந்தக் கணக்கு என்பது அவர்களுக்குத் தெரியும்.

கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் என் பதில் மிகச் சாதாரணமானது. எங்கள் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம், தனுஷ்கோடியில் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் சீறும், வடகடல் குளம் போலக் கிடக்கும். ஆகவே ஒரே தெருவில் தென்கடலுக்குப் போகிறவன் வீட்டில் அடுப்பு எரியாத நாளில், வடகடலுக்குப் போகிறவன் வீட்டில் மீன் மிஞ்சியிருக்கும். மிஞ்சிய மீன் எந்த வீட்டுக்குப் போகிறது, எந்த வீட்டுக்குப் போகாமல் நிற்கிறது, யார் கையில் கொடுத்தனுப்பப்படுகிறது, எந்த வீட்டில் அதை வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதையெல்லாம் கவனித்துக்கொண்டே வளர்ந்தவனுக்குக் கதையைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை. என் இரண்டாவது நாவல் முழுவதும் அந்த மீன் சட்டி ஒன்றைப் பின்தொடர்ந்து சென்றதுதான்.

கேட்கும் இடங்களும் இங்கு ஏராளம். கிழிந்த வலையைப் பொத்துகிற மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று தலைமுறைப் பகை கேட்கலாம். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களின் பேச்சு அதற்கும் மேலானது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கண்ணாடி மாட்டி, பாறையில் விரல் கிழியாமலிருக்கத் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டிக்கொண்டு மூழ்குகிற பெண்கள் கரைக்கு வந்து விரல் துணியை அவிழ்க்கும்போது பேசுவதைக் கேட்க வேண்டும். நீரில் ஊறி வெளிறிச் சுருங்கிய விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டே, மகள் கல்லூரிக் கட்டணத்தையும் வனத்துறைக் காவலர் சொன்ன சொல்லையும் ஒரே மூச்சில் பேசுவார்கள். 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடத்துக்கு இன்று அச்சத்தோடு போகிறோம் என்று ஒருவர் சொன்னார். நான் எழுதிய எந்த வாக்கியமும் அதற்கு ஈடாகவில்லை.

இவ்வளவும் மற்றவர்கள் கொடுத்தவை. கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு எடுத்தேனா என்ற கேள்வியைத் தங்கள் கட்டுரையாளர் எழுப்பவே இல்லை. சிறிய ஊரில் எழுதுகிற ஒருவனுக்கு அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. நான் செய்த தவறு ஒன்றை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அக்காவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்வதற்குச் சட்டம் 7 ஆண்டுகள் கேட்கிறது. அந்த 7 ஆண்டுகளில் ஒரு பெண் மனைவியா, கைம்பெண்ணா என்பதை ஊரும் சொல்லாது, அலுவலகமும் சொல்லாது. அக்கா தினமும் இரவு கணவருக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் படுப்பார். என் முதல் நாவலில் அதை எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரைக் கீழக்கரைப் பக்கம் தள்ளி வைத்தேன், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட மாற்றினேன். தட்டை மட்டும் மாற்ற மனம் வரவில்லை; நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு என்று எழுதினேன். புத்தகம் வந்த ஒரு மாதத்துக்குள் தீவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஓராண்டுக்கு மேல் கழித்து, தண்ணீர்க் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "தட்டு நீலம் இல்லப்பா, பச்சை. எழுதுறதுதான் எழுதுன, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. கேட்காமல் எடுத்தது ஒரு குற்றம். எடுத்ததைச் சரியாகவும் பார்க்கவில்லை என்பது இன்னொரு குற்றம். கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. மறுத்திருந்தால் அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டிருக்க வேண்டும், அதனால் நாவல் மெலிந்தாலும் சரி. நகரத்து எழுத்தாளர் தம் கதாபாத்திரத்தின் மூலவரை மறுபடி சந்திக்காமலே காலம் தள்ளிவிடலாம். நான் ஒவ்வொரு நாளும் அதே குழாயடிக்குப் போக வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறேன். யாருடைய வாழ்க்கையிலிருந்து ஓர் அத்தியாயம் எழுகிறதோ, அச்சுக்குப் போகும் முன்னர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை முழுவதும் வாசித்துக் காட்டுவேன். வாசிப்பு சில சமயம் மூன்று மாலை நீளும். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அங்கிருந்து தப்பிய அப்பத்தா ஒருவருக்கு அவ்வாறு வாசித்துக் காட்டினேன். அப்போது அவருக்கு வயது 11. பாம்பனிலிருந்து புறப்பட்டுச் சென்ற பயணிகள் ரயில் கடலுக்கு இரையானது, நிலையமும் தேவாலயமும் தபால் நிலையமும் சுவர்களாக நின்றது எல்லாவற்றையும் ஆவணங்களிலிருந்து எடுத்து, பேரலை வரும் காட்சியை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "அலை என்னப்பா அலை, கடலே எந்திரிச்சு வந்துச்சு" என்றார். பிறகு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு அன்று சாயங்காலம்தான் அவருடைய அம்மா பித்தளைப் போகணியில் அரிசி ஊறப் போட்டிருந்தார். மணல்மேட்டில் ஏறி உயிர் பிழைத்து, இராமேசுவரத்துக்கு வந்து சேர்ந்த இரண்டாம் நாள், "அரிசி புளிச்சுப் போயிருக்குமே" என்று அம்மா முணுமுணுத்தாராம். அதற்குப் பிறகு அம்மா பல நாள் வாய் திறக்கவில்லையாம். பேரலைப் பக்கத்தை முழுவதும் கிழித்துவிட்டேன். நாவலில் இப்போது அந்த அரிசிதான் இருக்கிறது.

மொழியைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. என் மூன்றாவது நாவலை வெளியிட்ட பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவர், வாசகருக்குப் புரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, "வத்தை", "வல்லம்" இரண்டையும் "படகு" என்று மாற்றினார். "சம்மாட்டி" என்பது "படகு உரிமையாளர்" ஆனது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "பாடு" என்ற சொல்லை அவர் "வருமானம்" என்று திருத்தியதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. கடலிலிருந்து திரும்புகிறவனைப் பார்த்து "இன்னைக்கு என்ன பாடு?" என்று கேட்கிறோம். கிடைத்த மீனும் பாடுதான், பட்ட துன்பமும் பாடுதான். வெறுங்கையோடு வந்தவன் "பாடில்லை" என்று சொல்லும்போது அவன் பட்ட பாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே கேட்கும். ஒரு கடற்கரை முழுவதும் நூற்றாண்டுகளாகப் பேசிப் பேசித் தேய்த்து வைத்திருக்கும் சொல்லை அகற்றிவிட்டு வருமானவரிப் படிவத்தின் சொல்லை அங்கே வைத்தால், கதையில் வருகிறவன் இராமேசுவரத்துக்காரனாக இருப்பதில்லை. தங்கள் நாளிதழும் கரையோரச் செய்திகளிலும் கதைகளிலும் இத்தகைய சொற்களை அப்படியே அச்சிட வேண்டுகிறேன். வாசகர்கள் இரண்டாம் முறை படிக்கும்போது புரிந்துகொள்வார்கள்.

நாளிதழுக்கும் இத்தீவுக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைச் சேகரிக்கும் வேலையில் சிறுவன் அப்துல் கலாம் உதவியாக இருந்தார் என்பது அவரே சொல்லியிருப்பது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எங்களுக்குச் செய்தித்தாளையும் கடிதத்தையும் கொண்டுவந்து சேர்த்தது. 2025 ஏப்ரலிலிருந்து புதிய பாலத்தின் மீது ரயில் வருகிறது. ஆனால் எங்களைப் பற்றி வெளியே போகும் செய்தி பெரும்பாலும் ஒரே விதமாக இருக்கிறது: இத்தனை மீனவர் கைது, இத்தனை படகு பறிமுதல். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள வீடுகளில் அடுத்த நாற்பது நாள் என்ன நடக்கிறது என்பது செய்தியில் வருவதில்லை. அதை எழுதுவதற்கு நாவலாசிரியன் ஒருவன் போதாது.

ஆகவே என் கோரிக்கை இது. தனுஷ்கோடியைப் பற்றி ஆண்டுதோறும் டிசம்பரில் இடிந்த தேவாலயத்தின் படத்தோடு ஒரு கட்டுரை வெளியிடுகிறீர்கள். அந்த இரவில் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எனக்குத் தெரிந்தே ஐந்து பேர் மறைந்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்களின் நினைவுகளை, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே, அவர்களுக்கு வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற்று, தொடராக வெளியிட ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். தாங்கள் அனுப்பும் செய்தியாளருக்கு வீடுகளைக் காட்டுவதும், உடன் வந்து உட்காருவதும், பேரேட்டில் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைக் கொடுப்பதும் என் பொறுப்பு. அவரை டிசம்பரில் அனுப்ப வேண்டாம். அப்போது வாடை, சுற்றுலாக் கூட்டம், ஒருவருக்கும் நேரம் இருக்காது. தடைக்காலத்தில் அனுப்புங்கள். விசைப்படகு ஆண்களெல்லாம் கரையில் இருப்பார்கள், மரத்தடியில் வலை விரித்துக் கிடக்கும், அப்பத்தாக்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணைக்கு வருவார்கள். குறைந்தது பத்து நாள் தங்குகிற மாதிரி வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.